இழந்த பணமும் துணிந்த பயிற்றுநரும்

பந்தயத்திற் பணம் இழந்தவன் தன்னை நொந்துகொள்வது அரிது. அவன் நொந்துகொள்வது பயிற்றுநரையே. 'கடைசி நேரத்தில் அந்த மனிதர் ஆடிய சூதினால் என் காசு போயிற்று' என்னும் புலம்பல், பெரிய உதைபந்தாட்டப் போட்டி ஒவ்வொன்றின் பின்னரும் எழுகின்றது. சூதாடியவன் இன்னொருவரைச் சூதாடி எனப் பழிக்கும் இவ்விந்தையை நண்பர் பலர் நியாயமான முறைப்பாடாகவே கொள்கின்றனர். அது நியாயமன்று என்பதே எமது கட்சி.

கூட்டுப்பந்தயத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். 1923இல் லிவர்பூலில் ஜோன் மூர்ஸ் தொடக்கிய 'பூல்ஸ்' ஆயினும், அலுவலகத்திற் பத்துப்பேர் காசு சேர்த்து நடத்தும் சிறு பந்தயமாயினும் அடிப்படை ஒன்றே. சேர்ந்த பணம் சரியாகக் கணித்தோரிடையே பங்கிடப்படும். எல்லோரும் கணித்ததையே கணித்தவனுக்குச் சொற்பமே கிட்டும்; பிறர் துணியாததைத் துணிந்தவனுக்கே பெரும்பங்கு. ஆகவே பந்தயக்காரன் காசு கொடுத்து வாங்குவது நிச்சயமின்மையையே. 1963ஆம் ஆண்டின் கடுங்குளிரில் இங்கிலாந்தின் ஆட்டங்கள் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டபோது, முன்னாள் வீரர் முதலியோரைக் கொண்ட குழுவொன்று அறையொன்றுள் இருந்து, நடவாத ஆட்டங்களுக்கு முடிவு கூறிற்று! அம்முடிவுகளின்படி பூல்ஸ் பணமும் பங்கிடப்பட்டது. இதனையும் பொறுத்த பந்தய உலகம், களத்தோரம் நின்ற பயிற்றுநரின் தீர்ப்பைப் பொறுக்க மறுப்பது வேடிக்கையே.

2021 யூலை 11ஆம் நாள் வெம்பிளியில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தும் இத்தாலியும் 1–1 எனச் சமநிலையில் நின்றன. மேலதிக நேரம் முடியுந் தறுவாயில், தண்ட உதைக்கென்றே மார்க்கஸ் றஷ்போர்ட், ஜேடன் சான்சோ ஆகிய இருவரையும் காரெத் சவுத்கேற் களமிறக்கினார். முன்னவரது பந்து கம்பத்திற் பட்டது. பின்னவரதைக் காப்பாளர் தடுத்தார். இறுதியாகப் பத்தொன்பது வயதினரான புக்காயோ சாக்கா உதைத்ததும் தடுக்கப்பட்டது. இத்தாலி 3–2 என வென்றது.

'மூடத்துணிவு' என்றனர். அவ்வாறாயின் 2014 யூலை 5ஆம் நாள் நிகழ்ந்ததை என்னென்பது? கொஸ்தாரிக்காவுக்கு எதிரான உலகக் கிண்ணக் காலிறுதியின் கடைசிக் கணத்தில், நெதர்லாந்தின் பயிற்றுநர் லூயி வான் கால் நன்றாய் ஆடிநின்ற காப்பாளர் சில்லெசனை வெளியே அழைத்து, அதுவரை பந்தைத் தொட்டறியாத ரிம் குறூலை அனுப்பினார். குறூல் இரண்டு உதைகளைத் தடுத்தார்; வான் கால் மேதையானார். இருவரும் செய்தது ஒன்றே: தண்ட உதைக்குத் தக்கவரெனத் தாம் கருதியவரை இறுதி வேளையில் இறக்கினர். ஒருவரை மேதையாக்கியதும் மற்றவரை மூடராக்கியதும் பந்து சென்ற திசையேயன்றிச் சிந்தனையின் தரமன்று.

பயிற்றுநர் குற்றமே செய்யார் என யாம் வாதிக்கவில்லை. உடல் சூடேறாத இளைஞரை நேரே தண்ட உதைக்கு நிறுத்தலாமா என்பது நல்ல வினா. ஆயின் அதனை உதைக்கு முன் கேட்டிருத்தல் வேண்டும். எம்மைக் கேட்டால், சவுத்கேற்றின் மெய்யான பிழை வேறிடத்தில் உளது. இரண்டாம் நிமிடத்திலேயே லூக் ஷோ கோல் போட்ட பின்னர், இங்கிலாந்து படிப்படியாகப் பின்வாங்கிப் பந்தை இத்தாலிக்குக் கையளித்தது. 67ஆம் நிமிடத்திற் பொனூச்சி சமப்படுத்தினார். அணியைக் கெடுத்தது துணிவன்று, அச்சமே. ஆனால் அச்சம் ஒரு கணத்தில் நிகழ்வதன்று. ஒரு மணிநேரம் பரந்து கிடப்பது. அதைச் சுட்ட விரல் எளிதில் எழாது. தவறிய உதைக்கோ ஒரு முகமும் ஒரு பெயரும் உண்டு.

அந்த முகங்கள் கறுப்பு முகங்களாயிருந்தமையே அன்றிரவின் கொடுமை. மூவர்மீதும் இணையத்தில் நிறவெறி வசைகள் பொழியப்பட்டன. உதைப்போரைத் தெரிந்தவர் தாமே, பொறுப்பும் தமதே எனச் சவுத்கேற் வெளிப்படையாகக் கூறியும் பயனில்லை. வசைபாடியோர் யாவரும் பந்தயக்காரர் என யாம் சொல்லோம். எனினும் 'என் இழப்புக்கு ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும்' என்னும் அதே கணக்கே இரு சாராரிடமும் உண்டு.

2024 யூலை 6ஆம் நாள், சுவிற்சர்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில், அதே சவுத்கேற் அதே சாக்காவைத் தண்ட உதைக்கு மீண்டும் அனுப்பினார். பந்து வலைக்குள் சென்றது, இங்கிலாந்து வென்றது. அன்று பந்தயத்திற் பணம் பெற்றவர் எவரேனும் தம் பங்கிற் சிறிதைப் பயிற்றுநருக்கு அனுப்பியதாக யாம் கேள்விப்படவில்லை.