நாடியைப் பார்த்தேன்... செல்போனைக் கேட்கவில்லை!

"டாக்டர், ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது. நெஞ்செரிச்சல் வேற..."

வேலூரிலிருந்து ஆரணி போகிற சாலையில், கணியம்பாடியில் இருக்கிறது என் வைத்தியசாலை. 2023-ல் ஒருநாள் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார் ஓர் இளைஞர். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வார லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. இரவில் பாலில் கலந்து சாப்பிட அமுக்கரா சூரணம் கொடுத்தேன். டீயைக் குறைக்கச் சொன்னேன். மூன்று மாதம் வந்தார். முன்னேற்றமே இல்லை.

நான்காவது முறை அவர் மனைவி மட்டும் வந்தார். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு.

"விடிகாலை மூணு மணி வரைக்கும் போர்வைக்குள்ள போன்ல ரம்மி ஆடறாரு சார். நகை, வண்டி எல்லாம் போயிடுச்சு..."

எனக்குச் சுருக்கென்றது. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு இத்தனை வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். 'ராத்திரி படுத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டேனே!

திறமையா, அதிர்ஷ்டமா?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆன்லைன் கம்பெனிகளுக்கு அதுவே கவசமாக அமைந்தது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2023 ஏப்ரலில் புதுச்சட்டம். அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடை செல்லாது என்று தீர்ப்பு!

வக்கீல்களுக்கு இது பெரிய கேள்விதான். ஆனால் உடம்புக்கு? திறமையால் தோற்றாலும், அதிர்ஷ்டத்தால் தோற்றாலும் தூக்கம் கெடுவது ஒன்றுதான். யார் ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கமிஷன். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாததுதான் தூண்டில். 'விட்டதைப் பிடிக்கணும்' என்ற நினைப்பு வந்துவிட்டால் அது பொழுதுபோக்கு இல்லை, நோய். உலக சுகாதார நிறுவனமும் சூதாட்டப் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது.

தூக்கத்தை அடக்காதீர்கள்!

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களில் தூக்கமும் ஒன்று. அதனால்தான் 2025 பிப்ரவரியில் வந்த ஒரு விதி எனக்குப் பிடித்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் கூடாது என்றது தமிழக அரசின் ஆணையம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 'விதி செல்லும்' என்று ஜூன் 3-ல் ஐகோர்ட் சொன்னது. ஒரு வைத்தியன் எழுதித் தரவேண்டிய பத்தியத்தை அரசாங்கமே எழுதியது போல இருந்தது!

அடுத்து மத்திய அரசின் சட்டம். 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். திறமை, அதிர்ஷ்டம் என்ற பேச்சே அதில் கிடையாது. பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை. நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

'அப்புறம் என்ன சார், தொல்லை விட்டது!' என்கிறீர்களா? 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தோம். மூன்று நம்பர் லாட்டரி ஒழிந்ததா? சட்டம் கடையை மூடும். ஆட்டம் பழகிய மனசை மூடாது. அது வெளிநாட்டு ஆப்பைத் தேடும், கடன் கொடுக்கும் ஆப்பைத் தேடும். அங்கேதான் குடும்பத்தின் வேலை ஆரம்பிக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* திட்டாதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்கவில்லை. 'எவ்வளவு போச்சு?' என்பதை ஒரே ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிப் பாருங்கள்.

* சம்பளம் வரும் கணக்கு கொஞ்ச காலம் மனைவி அல்லது பெற்றோர் பொறுப்பில் இருக்கட்டும்.

* 'கடைசித் தடவை' என்று கேட்டால் கடனை அடைக்கப் பணம் தராதீர்கள். தந்தே ஆகவேண்டும் என்றால் கடன் கொடுத்தவரிடமே நேரில் கட்டுங்கள்.

* இரவு 10 மணிக்கு எல்லார் போனும் கூடத்தில். அப்பா, அம்மா போனும் சேர்த்துத்தான்!

* 'செத்துடலாம்' என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம்.

* இதை மறக்கடிக்க லேகியம் இருக்கிறது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், என்னிடம் அப்படி ஒரு மருந்து இல்லை. மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமும் இல்லை.

அந்த இளைஞரைப் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கு நானே அனுப்பினேன். கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் தூங்குகிறார். இப்போது என்னிடம் யார் தூக்கமில்லை என்று வந்தாலும், நாடி பிடிப்பதற்கு முன்பே போனைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன்.

திருக்குறளில் 94-வது அதிகாரம் சூது. அடுத்த 95-வது அதிகாரம் என்ன தெரியுமா? மருந்து! வள்ளுவர் ஏன் அப்படி வைத்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் சொல்லட்டும். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. சூது பிடித்தவரைக் குற்றவாளியாகப் பார்த்தது போதும். நோயாளியாகப் பாருங்கள். அவரை உங்கள் வீட்டுக்கு மீட்டுக்கொள்ளலாம்.