ஜெனீவா போகும் வழியில் சாதி எங்கே இறங்கிவிடுகிறது?

எண்களுக்குச் சாதி கிடையாது என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: இருந்த சாதியை அழித்தது யார்?

இந்திய அரசு 2017 முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடத்துகிறது. வீட்டுக்கு வருபவர் வேலை, கூலி, வேலை நேரம் எல்லாம் கேட்கிறார். பட்டியல் சாதியா, பழங்குடியா, பிற்படுத்தப்பட்டவரா என்றும் எழுதிக்கொள்கிறார். ஆக, தகவல் இருக்கிறது.

இதே தரவு ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐ.எல்.ஓ.ஸ்டாட் தரவுத்தளத்துக்குப் போகிறது. நாட்டுக்கு நாடு கேள்வி மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தால், அவர் வேலையில் இருப்பவர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறியீடு. தெருக் கூட்டுபவருக்கு 9613. வரையறைகளை வகுப்பது 1923இல் தொடங்கிய தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு.

பொது அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் பிரேசிலையும் இந்தியாவையும் ஒப்பிட முடியாது. ஆனால் அந்த அட்டவணைகளைத் திறந்து பாருங்கள் தோழர்களே. ஆண்-பெண், வயது, கல்வி, கிராமம்-நகரம், மாற்றுத்திறன் என்று பிரித்துப் பார்க்கலாம். சாதிக்குக் கட்டம் இல்லை. தனி அறிக்கைகளில் அது பேசப்படலாம். நிரந்தர அட்டவணையில் இடமில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் தலையில் கட்டப்பட்ட துடைப்பம், 9613 என்ற எண்ணுக்குள் போனதும், யார் வேண்டுமானாலும் விரும்பிச் சேர்ந்த வேலைபோலத் தெரிகிறது.

"சாதி தெற்காசியாவின் விவகாரம், உலக அளவில் ஒப்பிட முடியாது" என்பார்கள். அப்படியானால் அந்த அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை எதற்கு? வேலையில் சமூகப் பின்புலத்தால் பாகுபாடு கூடாது என்று 1958இலேயே எழுதினார்கள். இந்தியா 1960இல் ஏற்றது. அமைப்பின் நிபுணர் குழுவே சாதியை அதற்குள் வைத்துத்தான் பேசுகிறது. தடை செய்த ஒன்றை எண்ணாமல், அது ஒழிந்ததா என்று எப்படி அறிவது?

2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் தடுக்க முயன்ற இந்திய அரசுக்கு இந்த மௌனம் வசதிதான். நமக்கு அல்ல.

என் கோரிக்கை சிறியது. ஏற்கெனவே கேட்டு வாங்கிய பதிலுக்கு ஒரு கட்டம் கொடுங்கள். எந்த நாட்டில் தகவல் உண்டோ, அங்கே நிரப்புங்கள். இல்லாத இடத்தில் காலியாக விடுங்கள்.

புள்ளியியல் படிக்கும் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கணக்கெடுப்பின் மூலத்தரவு, பெயர்கள் நீக்கப்பட்டு, இலவசமாகவே கிடைக்கிறது. தொழில்களைச் சாதிவாரியாகப் பிரித்து வெளியிடுங்கள். மறைத்த கட்டத்தை நாமே வரைவோம்.