பழைய கேஸ் கட்டு



இது துப்பறியும் சிறப்பிதழ். சங்கர்லாலோடு சேர்ந்து தேநீர் குடித்து வளர்ந்தவர்களும், ரயில் ஏறுமுன் ராஜேஷ்குமார் நாவல் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர்களும் நம் வாசகர்களில் நிறையப் பேர். உங்களுக்கான கதைகள் உள்ளே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் மட்டும் நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் காணாமல் போன ஒரு சிறுவனைப் பற்றியது இது. ஊரே முடிந்துவிட்டது என்று நம்பிய வழக்கை ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து ஒரு பேத்தி மறுபடி கையில் எடுத்தார்.

1912 ஆகஸ்ட் 23. லூசியானா மாநிலத்தின் ஓப்பலூசாஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி டன்பாரின் குடும்பம் ஸ்வேஸ் ஏரிக்கு மீன்பிடிக்கப் போயிருந்தது. அங்கே அவருடைய நாலு வயது மகன் பாபி காணாமல் போனான். ஏரிக்குள் வெடி வைத்தார்கள். முதலைகளைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே நம்பிக்கை பிறந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள்.

பெர்சி, நியூ ஆர்லியன்ஸில் இருந்த தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றை நாடினார். பாபியின் படத்தையும் அங்க அடையாளங்களையும் அஞ்சலட்டையில் அச்சிட்டு, கிழக்கு டெக்சாஸ் தொடங்கி ஃபுளோரிடா வரை ஊர் ஊராக அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். உருண்டையான நீலக் கண்கள், சிவந்த கன்னங்கள், கைக்குழந்தையாக இருந்தபோது இடது கால் பெருவிரலில் பட்ட தீக்காயத் தழும்பு. அன்றைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு அட்டை ஊரெங்கும் போய்விட்டால், பார்க்கிறவர் கண்ணெல்லாம் அந்த விரலைத்தான் தேடும்.

1913 ஏப்ரலில், மிசிசிப்பி மாநிலத்தில், பியானோவும் ஆர்கனும் பழுது பார்த்துக்கொண்டு ஊர் சுற்றிய வில்லியம் வால்டர்ஸ் என்பவரோடு ஒரு சிறுவன் அகப்பட்டான். வால்டர்ஸ் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: இவன் பெயர் புரூஸ், வட கரோலினாவில் எங்கள் வீட்டில் வேலை செய்த ஜூலியா ஆண்டர்சனின் மகன். யாரும் கேட்கவில்லை. டன்பார் தம்பதி ஓடோடி வந்தார்கள்.

அந்தச் சந்திப்பைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதியதை நினைத்தால், அதே தொழிலில் இருக்கும் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. சிறுவன் பார்த்த மாத்திரத்தில் அம்மா என்று கூவித் தாவினான் என்றது ஒரு பத்திரிகை. அவன் தயங்கினான், தாய்க்கே நிச்சயமில்லை என்றது இன்னொன்று. மறுநாள் அவனைக் குளிப்பாட்டியபோது மச்சத்தையும் தழும்பையும் பார்த்துத்தான் லெஸ்ஸி டன்பார் தன் பிள்ளை என்று உறுதி சொன்னார். எட்டு மாதம் பிள்ளையைத் தேடித் தவித்த தாய் அவர். அவர் பொய் சொன்னதாக நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். ஊருக்கு வந்த சிறுவனுக்கு ஓப்பலூசாஸ் திருவிழாவே எடுத்தது.

ஜூலியாவுக்கு நடந்தது வேறு. நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை ஒன்று தன் செலவில் அவரை ரயிலில் வரவழைத்தது. ஒத்த வயதுள்ள ஐந்து சிறுவர்களைக் காட்டி, இதில் உன் பிள்ளை யார் என்று கேட்டார்கள். மகனைப் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, இவன்தான் என்றார். அதற்குள் செய்தி அச்சேறிவிட்டது. லெஸ்ஸிக்குக் கிடைத்த அந்த ஓர் இரவு அவகாசம் ஜூலியாவுக்குக் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள் என்பதைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. வக்கீல் வைக்கக் காசில்லாமல் அவர் ஊர் திரும்பினார். மறு ஆண்டு வால்டர்ஸ் மீதான கடத்தல் வழக்கு விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லியும் பலனில்லை. வால்டர்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறு விசாரணைக்குச் செலவாகும் என்று வழக்கைக் கைவிட்டார்கள்.

சிறுவன் பாபி டன்பாராகவே வளர்ந்து, மணம் முடித்து, நாலு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, 1966இல் இறந்தார்.

அவருடைய பேத்தி மார்கரெட் டன்பார் கட்ரைட். 1999இல் மார்கரெட்டின் தந்தை, பழைய செய்தித் துணுக்குகள் ஒட்டிய தடித்த நோட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தார். தாத்தா டன்பார்தான் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவே மார்கரெட் கிளம்பினார். ஊர் ஊராக நூலகங்களில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். ஜூலியா பின்னாளில் மிசிசிப்பியிலேயே குடியேறி, மணமாகி ஏழு பிள்ளைகள் பெற்று, அக்கம்பக்கத்தில் பிரசவம் பார்ப்பவராக வாழ்ந்திருந்தார். அந்தப் பிள்ளைகளையும் ஜூலியாவின் பேத்தியையும் மார்கரெட் தேடிப் போய்ப் பேசினார். பறிபோன புரூஸைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார் என்றார்கள் அவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வால்டர்ஸ் தரப்பு வக்கீலின் கேஸ் கட்டு மார்கரெட்டுக்குக் கிடைத்தது. டன்பார் வீட்டு நோட்டில் இல்லாத மனிதர்கள் அதில் இருந்தார்கள். பாபி தொலைவதற்கு முன்பே வால்டர்ஸோடு இந்தச் சிறுவனைப் பார்த்ததாகச் சொன்ன மிசிசிப்பிக் கிராமத்தார்கள் அவர்கள். தேதியை வைத்துப் பார்த்தாலே வழக்கு நிற்காது. அன்றைக்கு அந்தச் சாட்சி எடுபடவில்லை. பழைய வழக்கை ஆராய்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் தோற்றவர் வீடு என்று நான் நம்புவது இதனால்தான். ஜெயித்தவர் சொன்னதுதான் ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டதே.

2004இல் மார்கரெட்டின் தந்தை மரபணுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். உறவினர் சிலர் வேண்டாம் என்று தடுத்தார்கள். பாபியின் தம்பி அலோன்சோவின் மகனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் இரத்த உறவு இல்லை என்று தெரிந்தது. ஜூலியாவின் குடும்பமும் வால்டர்ஸின் குடும்பமும் அழுதபடி மகிழ்ந்தன. டன்பார் குடும்பத்திலோ மனக்கசப்பு மூண்டது. எதற்காக இதைக் கிளறினாய் என்று கேட்டவர்களின் வலியும் எனக்குப் புரிகிறது. ஒரே நாளில் தாத்தா பாட்டி அந்நியர்களாகிவிட்டார்களே!

இன்னொன்றும் உண்டு. வேறொரு சிறுவன் வீட்டுக்கு வந்த 1913ஆம் ஆண்டோடு, ஏரிக்கரையில் தொலைந்த நிஜமான பாபியைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவன் தொலைந்தவன் என்பதே 2004இல்தான் மறுபடி தெரிந்தது.

டால் மெக்தெனியா என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து மார்கரெட் 2012இல் இதைப் புத்தகமாக எழுதினார். அவர் செய்தது சரிதான் என்பது என் கட்சி. தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொன்னதற்காக அவமானப்பட்ட ஒரு தாய்க்கு, காலம் கடந்தாலும், அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொந்த பந்தத்தின் நிம்மதிதான் பெரிது என்று நினைக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு தரப்புக் கடிதங்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்