கேஷ்பேக் கார்டா, டிராவல் கார்டா? நம்ம ஊர் வங்கியில் எதை வாங்கலாம்?

நகைக்கடனைப் புதுப்பிக்கவோ டெபாசிட் போடவோ வங்கிக்குப் போனால், இப்போதெல்லாம் கையில் ஒரு நோட்டீஸையும் கொடுத்து அனுப்புகிறார்கள். "சார், உங்களுக்கு கிரெடிட் கார்டு எலிஜிபிள் ஆகியிருக்கு. கேஷ்பேக் வேணுமா, டிராவல் வேணுமா?" 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன், 1916-ல் கரூரில் தொடங்கிய கரூர் வைஸ்யா, கேரளத்தின் ஆலுவாவிலிருந்து இயங்கும் ஃபெடரல் என நமக்குப் பழக்கமான வங்கிகளின் பெயரிலேயே கார்டுகள் வந்துவிட்டன. இரண்டில் எது லாபம் என்பதற்கு, கவுன்ட்டரில் இருப்பவரைவிட உங்கள் வீட்டுச் செலவு நோட்டு சரியாகப் பதில் சொல்லும்.

கேஷ்பேக் கார்டில் 100 ரூபாய் செலவழித்தால் 1 ரூபாயோ, ஆன்லைன் ஷாப்பிங் என்றால் அதற்கு மேலோ திரும்பி வரும். டிராவல் கார்டில் பணம் வராது, புள்ளிகள் வரும். அந்தப் புள்ளியை விமான டிக்கெட்டாக மாற்றினால் ஒரு மதிப்பு, கிஃப்ட் வவுச்சராக மாற்றினால் வேறு மதிப்பு. சில கார்டுகளில் 1 புள்ளி 1 ரூபாய், சிலவற்றில் 25 பைசா. ஃபெடரல் வங்கியும் ஸ்கேப்பியா என்ற பயண ஆப்பும் சேர்ந்து தரும் கார்டு அறிமுகமானபோது, செலவுக்கு 10% நாணயங்கள் என்றார்கள். 5 நாணயம் சேர்ந்தால்தான் 1 ரூபாய் என்பதால் உண்மையில் கிடைப்பது 2%. மோசமில்லை. ஆனால் அது 10 இல்லையே!

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 20,000 ரூபாயை கார்டில் செலவழிக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் சலுகை கிடைக்காது. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இ.எம்.ஐ ஆகியவற்றைப் பல கார்டுகள் ஒதுக்கிவிடுகின்றன. இன்ஷூரன்ஸ் பிரீமியம், கரன்ட் பில், நகை, பள்ளிக் கட்டணம் என்று சில கார்டுகளில் அந்தப் பட்டியல் இன்னும் நீளும். அதெல்லாம் போக 12,000 ரூபாய் கணக்கில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,44,000.

1% கேஷ்பேக் என்றால் 1,440 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு 18% ஜி.எஸ்.டி சேர்த்து 590 போனால் கையில் 850 ரூபாய். டிராவல் கார்டில் 100 ரூபாய்க்கு 2 புள்ளி என்றால் 2,880 புள்ளிகள். விமான டிக்கெட்டில் 1 புள்ளிக்கு 1 ரூபாய் கொடுத்தால் 2,880 ரூபாய். கட்டணம் 1,000, ஜி.எஸ்.டி-யோடு 1,180 கழித்தால் 1,700 ரூபாய் மிச்சம். கேஷ்பேக்கைப் போல சரியாக இரண்டு மடங்கு. ஆனால், அந்த வருடம் நீங்கள் விமானமே ஏறவில்லை, புள்ளிகளை 25 பைசா கணக்கில் வவுச்சராக மாற்றுகிறீர்கள் என்றால் வருவது 720 ரூபாய். கட்டணத்தில் கழித்தால் 460 ரூபாய் நஷ்டம். கார்டும் அதேதான், புள்ளியும் அதேதான்.

அதனால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸிலோ ரயிலிலோ ஊருக்குப் போய் வரும் குடும்பத்துக்கு டிராவல் கார்டு தேவையில்லை என்பதே என் கருத்து. ரயில்தான் உங்கள் பயணம் என்றால், ஐ.ஆர்.சி.டி.சி-யும் எஸ்.பி.ஐ கார்டும் சேர்ந்து தரும் கார்டில் புள்ளிகளை ரயில் டிக்கெட்டாகவே மாற்றலாம். அதிலும் ஏ.சி வகுப்பில் போகிறவர்களுக்குத்தான் பலன் அதிகம். விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்று நான் விளக்கியபோது எங்கள் சித்தி கேட்டார்: "அங்க போய் ரெண்டு இட்லி சாப்பிட நான் எதுக்குடா பிளேன் ஏறணும்?" நியாயமான கேள்வி. முந்தைய 3 மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்ற நிபந்தனையும் இப்போது பல கார்டுகளில் வந்துவிட்டது.

சரி, டிராவல் கார்டு யாருக்குத்தான் லாபம்? மகனோ மகளோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து, அவ்வப்போது போய் வருகிறவர்களுக்கு. அதற்குக் காரணம் புள்ளிகள் இல்லை. வெளிநாட்டில் தேய்க்கும்போது பல கார்டுகள் 3.5% வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்கின்றன. ஜி.எஸ்.டி சேர்த்தால் 4.13%. 50,000 ரூபாய்க்கு ஷாப்பிங் செய்தால் 2,065 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். டிராவல் கார்டுகள் சிலவற்றில் இந்தக் கட்டணம் குறைவு, ஸ்கேப்பியா போன்றவற்றில் பூஜ்ஜியம். அங்கே கடையில் "ரூபாயா, டாலரா?" என்று மெஷின் கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அந்த மெஷின்காரர் வைத்த மாற்று விகிதம்தான் உங்களுக்கு.

கேஷ்பேக்கிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெயர்தான் கேஷ்பேக், வருவது புள்ளியாக இருக்கலாம். அதை நாமே போய் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு 99 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும் கேட்கும் கார்டுகளும் உண்டு. பில்லில் தானாகக் கழியுமா, மாதத்துக்கு உச்சவரம்பு என்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மளிகைக்கடை, காய்கறிக்கடை க்யூ.ஆர் கோடுக்குத்தான் உங்கள் செலவு பெரும்பாலும் போகிறது என்றால் ரூபே கார்டாகக் கேளுங்கள். யு.பி.ஐ-யில் இணைப்பதற்கு அதுதான் சரிவரும். யு.பி.ஐ செலவுக்கும் கேஷ்பேக் உண்டா என்பது தனிக் கேள்வி, அதையும் கேளுங்கள்.

கார்டு உண்மையில் யாருடையது?

சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா பெயர்களில் எஸ்.பி.ஐ கார்டு நிறுவனத்தோடு சேர்ந்து வரும் கார்டுகள் இருக்கின்றன. அவற்றை வழங்குவது எஸ்.பி.ஐ கார்டு. பில்லில் தகராறு என்றால், 20 வருடமாகப் பழகிய கிளை மேனேஜர் ஆறுதல் சொல்லலாம், கட்டணத்தை ரத்து செய்ய அவரால் முடியாது. ஸ்கேப்பியாவில் இதற்கு நேர் எதிர். கார்டைத் தருவது ஃபெடரல் வங்கி, ஆப் நிறுவனம் கூட்டாளி மட்டுமே. இந்தக் கூட்டணி விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2024 மார்ச்சில் ஃபெடரல், சவுத் இந்தியன் வங்கிகள் இப்படிப்பட்ட கூட்டணிக் கார்டுகளைப் புதியவர்களுக்குத் தருவதை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. கார்டை வழங்கியது யார் என்பது கார்டிலும் ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும். புகாரை அவர்களிடம் கொடுத்து 30 நாள்களில் தீரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இதுவரை போட்ட கணக்கெல்லாம், பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். 'மினிமம் டியூ' மட்டும் கட்டி 20,000 ரூபாயைத் தள்ளிப்போட்டால், மாதம் 3.5% வட்டியில் 700 ரூபாய், ஜி.எஸ்.டி 126, ஆக மொத்தம் 826 ரூபாய். மேலே பார்த்த குடும்பம் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்த 850 ரூபாய் ஒரே மாதத்தில் காலி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் எந்த கார்டு என்று யோசிக்கவே வேண்டாம். டெபிட் கார்டு போதும்.

ஏற்கெனவே வாங்கிய கார்டு சரிப்பட்டு வரவில்லையா? பாக்கி எதுவும் இல்லாமல் மூடச் சொல்லி விண்ணப்பித்தால், 7 வேலை நாள்களில் மூட வேண்டும் என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மிச்சமிருக்கும் புள்ளிகளை மாற்றிவிடுங்கள்.