பயிலரங்குக்கு எந்த இடம்?

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் எலக்ட்ரானிக்ஸ் செய்முறைப் பயிலரங்கு ஒன்றை நடத்த முன்வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லோர் மனத்திலும் தோன்றுவது நகரக் கல்லூரி ஒன்றின் குளிர்சாதன அரங்கம்தான். மேடை, ஒலிபெருக்கி, மெத்தை நாற்காலி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் செய்முறைக்கு அது ஏற்ற இடமன்று என்பது என் கருத்து.

அரங்கத்தில் நாற்காலிகள் மேடையைப் பார்த்தே இருக்கும். மேடையில் ஒருவர் பற்றவைப்பார். நூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மாலையில் நூறு பேருக்கும் சான்றிதழ் கிடைக்கும். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்!

நமக்கு வேண்டியது மேசை. இருவருக்கு ஓர் அயர்ன், முழங்கை இடிக்காத இடைவெளி. உங்கள் பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடமே இதற்குப் போதும்.

அடுத்தது வெளிச்சம். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள் கொண்ட மின்தடை 4.7 கிலோ ஓம். மூன்றாவது வளையம் ஆரஞ்சு என்றால் 47 கிலோ ஓம். மங்கலான மஞ்சள் விளக்கின்கீழ் இவ்விரு நிறங்களையும் பிரித்தறிவது கடினம். பத்து மடங்கு பிழை நேர்ந்து, செய்த சுற்று இயங்காமல் போகும். "எனக்கு இதெல்லாம் வராது" என்று மாணவன் ஒதுங்கிவிடுவான். குற்றம் அவனுடையதா, அறையினுடையதா?

சன்னல் வெளிச்சத்துக்கு மட்டுமன்று. பற்றாசுக் கம்பியினுள் இருக்கும் ரோசின் என்னும் பைன் மரப்பிசின் சூடேறிப் புகையும். இப்புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. மூடிய குளிர்சாதன அறையில் அது எங்கே போகும்? தலைக்கு மேல் சுழலும் விசிறியும் உதவாது. புகையை எல்லோர் முகத்திலும் பரப்பும், அயர்னின் முனையையும் குளிர்விக்கும். பல வகைப் பற்றாசில் ஈயம் இருப்பதால் கை கழுவக் குழாய் அருகில் வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் இதை நடத்தவே கூடாது.

"பள்ளியில் இவ்வளவு மின்சாரம் தாங்குமா?" என்று சிலர் அஞ்சுவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். 25 வாட் அயர்ன்கள் 15 சேர்ந்தால் 375 வாட். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 1.6 ஆம்பியர்தான். மின்னோட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நடக்கும் வழியில் ஒயர்கள் குறுக்கே கிடக்கின்றனவா, எர்த் இணைப்பு சரியாக உள்ளதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ளதா என்பவையே கவலைக்குரியவை. இவற்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மாலை 5 மணிப் பேருந்தை விட்டால் ஊர் திரும்ப வழியில்லாத மாணவி நகர அரங்கத்துக்கு எப்படி வருவாள்? வீட்டில் அனுப்பவே மாட்டார்கள். நகரத்தில் நடத்துவது என்று முடிவு செய்யும்போதே, யார் வர வேண்டாம் என்பதையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம். பதினைந்து அயர்ன்களும் பற்றாசுச் சுருள்களும் உதிரி பாகங்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடங்கும். பெட்டியை அவளுடைய பள்ளிக்கு எடுத்துச் செல்லலாமே! அங்கே ஓட்டுக் கூரையாக இருந்தாலும் பரவாயில்லை. எர்த்தை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.