குடும்ப நலம்: கோணிய கழுத்து

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற மாதம் போயிருந்தோம். அவருடைய ஏழு மாதக் குழந்தை பாயில் குப்புறக் கிடந்து, இருபுறமும் தலையைத் திருப்பி நம்மைப் பார்த்துச் சிரித்தது. இதில் என்ன அதிசயம் என்று வாசகர் வினவலாம். ஐந்து மாதங்களுக்கு முன் அக்குழந்தையின் தலை வலத்தோளை நோக்கிச் சாய்ந்து, முகவாய் இடப்புறம் திரும்பியிருந்தது. வலப்பக்கமிருந்து அழைத்தால் கண் மட்டும் வரும், கழுத்து வாராது. கழுத்தின் வலப்பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டியும் தட்டுப்பட்டது.

அன்று அவ்வீட்டில் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. பேறுகாலத்திற்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியார், எண்ணெய் தடவித் தலையை நேரே இழுத்துவிட்டால் போதும் என்றார். மாடி வீட்டு வங்காள அம்மையார் தலையணையை வெயிலில் போடச் சொன்னார். நண்பரோ, எலும்பைச் 'சடக்'கென்று முறுக்கி நோயைத் தீர்ப்பதாகக் காட்டும் படங்களைக் கைப்பேசியில் கண்டு, கைரோபிராக்டிக் செய்பவர் ஒருவரிடம் நாளும் குறித்துவிட்டார். தாய் மட்டும் ஒன்றும் பேசாது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தார். நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆயினும், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பிடிவாதம் செய்தோம். (பிடிவாதக்காரனை வங்காளிகள் 'கோணற் கழுத்தன்' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைப்பர். நண்பர் அன்று நமக்கு அப்பட்டத்தை வழங்கினார்.)

மருத்துவர் கூறியது இது. காதுக்குப் பின்னுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை ஒன்று கழுத்தின் இருபுறமும் உண்டு. கருப்பையில் இடம் நெருக்கமாயிருந்தாலோ, பிறக்கும்போது சிரமம் நேர்ந்தாலோ, ஒரு பக்கத்துத் தசை இறுகிக் குறுகிவிடலாம். அப்போது தலை அப்பக்கம் சாயும். முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். கட்டி என்று நாம் அஞ்சியது அத்தசையின் தடிப்பே. புற்றன்று, சில மாதங்களில் தானே கரையும். கோளாறு தசையில் இருக்கிறது. எலும்பை முறுக்குவதால் குறுகிய தசை நீளாது.

ஆனால் எல்லாக் கோணலும் தசைக் கோணல் அன்று என்றும் அவர் எச்சரித்தார். கழுத்தெலும்பு பிறவியிலேயே ஒட்டியிருக்கலாம். கண் தசை பலவீனத்தால் குழந்தை தலையைச் சாய்த்துப் பார்க்கலாம். ஆகவே கண்ணையும் கழுத்தையும் சோதித்தார். இக்குறையுள்ள குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாக அமைவதில்லையாதலால் அதையும் பார்த்தார். முதலிலேயே யாரேனும் பிடித்து முறுக்கியிருந்தால் இவையெல்லாம் தெரியாமலே போயிருக்கும் அன்றோ!

பிறகு பிசியோதெரபி நிபுணர் தாய்க்குப் பயிற்சி தந்தார். தலையை மெல்ல இடத்தோள் பக்கம் சாய்ப்பதும், முகவாயை வலத்தோள் பக்கம் திருப்புவதும், சற்று நிறுத்தி விடுவதுமாக நாள்தோறும் பலமுறை. குழந்தை அழுது திமிறினால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். கிலுகிலுப்பையும் அம்மாவின் குரலும் எப்போதும் வலப்புறமிருந்தே வந்தன. விழித்திருக்கையில் குப்புறப் போட்டனர். உறங்கும்போது மல்லாந்தே கிடத்தினர். ஒரே பக்கம் கிடந்தால் மண்டை அப்பக்கம் தட்டையாகுமாதலால் தூளியில் விடும் நேரத்தைக் குறைத்தனர். இத்தனையையும் செய்தவர் தாய்தான். நண்பர் கிலுகிலுப்பை ஆட்டினார். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் இவ்வாறே நேராகின்றன. ஒரு வயதுக்கு மேலும் தீராதவர் சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும்.

கைரோபிராக்டிக் என்பது அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் 1895-இல் டி. டி. பாமர் என்பவர் தொடங்கிய முறை. 'கையால் செய்வது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஒருவருடைய செவிட்டை முதுகெலும்பை அழுத்தித் தீர்த்ததாக அவர் சொல்லிக்கொண்டார். பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இம்முறையால் ஓரளவு பயன் உண்டென ஆய்வாளர் ஒப்புகின்றனர். கைக்குழந்தையின் கழுத்துக்கு உறுதியான சான்று இல்லை. ஆஸ்திரேலியாவில் இத்தொழிலை மேற்பார்க்கும் வாரியமே, இரண்டு வயதுக்குட்பட்டோரின் முதுகெலும்பைத் திருகலாகாது என்று 2019-இல் தடுத்தது. இடையில் தளர்த்திய அத்தடையை 2024-இல் மீண்டும் விதித்தது.

இனி, பெரியவர் கழுத்து. இந்நகரின் நடைபாதையில் செங்கல்லின்மேல் உட்காரவைத்து முடிவெட்டும் கடைகளை 'இட்டாலியன் சலூன்' என்பது வாசகர் அறிந்ததே; வங்காளத்தில் 'இட்' என்றால் செங்கல். அத்தகைய கடையொன்றில், தலைமாலிஷின் முடிவில் நம் கழுத்து எதிர்பாராமல் இருபுறமும் முறுக்கப்பட்டது. மூன்று நாள் இடக்கை மரத்துக் கிடந்தது; பேனாவைப் பிடிக்கும் கை அதுவன்று என்பதே ஆறுதல். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் இரண்டு ஏறுகின்றன. வெடுக்கெனத் திருகினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு. அரிதுதான், ஆனால் நேர்ந்தால் ஆயுளுக்கும் மாறாமல் போகலாம்.

காலையில் எழும்போது பிடித்துக்கொள்ளும் கழுத்து, வெந்நீர் ஒத்தடத்தாலும் மெல்லிய அசைவாலும் சில நாட்களில் தானே விடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்துகளால், சிறுவர்க்கும் இளைஞர்க்கும் திடீரெனக் கழுத்து கோணி விழி மேலே செருகுவது உண்டு. பேய் என்று வேப்பிலை தேடாது, தின்ற மாத்திரையுடன் மருத்துவமனைக்கு ஓடினால் ஓர் ஊசியில் சரியாகும். மாதக்கணக்கில் தலை தானே ஒரு புறம் இழுத்துக்கொண்டு, முகவாயை விரலால் தொட்டால் மட்டும் சற்று நேராகுமானால், அது நரம்பு சம்பந்தமானது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதத்திற்கொருமுறை போடும் பொட்டுலினம் ஊசி இருக்கிறது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், விழுந்தபின் வலித்தாலும், கைகால் தளர்ந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பார்க் சர்க்கஸில் டாக்டர் கே. சி. சௌதுரி 1956-இல் நிறுவிய குழந்தை நல மருத்துவ நிலையமும், பி. டி. ரோடில் பன்ஹூக்ளியில் 1978 முதல் நடைபெறும் மத்திய அரசின் அங்க இயக்கக் குறைபாட்டு நிலையமும் இந்நகரிலேயே உள்ளன. வங்காளம் பேசத் தயங்கும் தாய்மார் சங்கத்திற்குச் சொல்லியனுப்பினால் துணைக்கு ஒருவர் வருவார். பகல் ஷிப்டு இல்லாத நாட்களில் நாமும் வருவோம்.