பேப்பர் கடைக்காரர் எடுக்காத குப்பை

மயிலாப்பூர்வாசிகளுக்கு ஒரு சின்னப் பரீட்சை. ஒரே கேள்விதான், பயப்பட வேண்டாம். நேற்று முழுக்க உங்கள் வீட்டில் சேர்ந்த குப்பையில் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வது எது, எடுக்காதது எது?

பேப்பர் எடுப்பார். பால் கவர் எடுப்பார், கழுவிக் காயவைத்திருந்தால். எண்ணெய் கேன், ஓட்டை விழுந்த குக்கர், காலி பாட்டில் (உங்கள் வீட்டில் இருக்காது, எனக்குத் தெரியும்) எல்லாம் எடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிப் பாருங்கள். கசக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிஸ்கட் உறை, ஷாம்பூ சாஷே, மசாலா பாக்கெட், பிய்ந்த செருப்பு, கிழிந்த பை எதுவும் அவருக்கு வேண்டாம். அவர் கெமிஸ்ட்ரி படித்தவர் இல்லை. பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று ஒட்டிச் செய்த உறையைப் பிரித்து உருக்க எவனும் காசு தரமாட்டான் என்பது அவர் விரலுக்கே தெரியும்.

அவர் வேண்டாம் என்ற அந்தக் குப்பைதான் இந்த வாரச் சண்டை.

அரசாங்கம் நமக்கு மனப்பாடம் செய்துவைத்தது இரண்டே வார்த்தை. மக்கும் குப்பை, மக்காத குப்பை. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. அதிலும் பாதிப் பேர் ஃபெயில் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த மக்காத குப்பைக்குள்ளேயே விலை போவதும் போகாததும் கலந்து கிடக்கிறதே? விலை போவதை யாராவது வழியிலேயே பொறுக்கிவிடுவார்கள். போகாததன் கதி? மயிலாப்பூர் அடங்கிய தேனாம்பேட்டை மண்டலத்தின் குப்பை காலங்காலமாகப் போய் விழுந்தது பெருங்குடியில். அதாவது, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமலை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. ஒரு கையில் சர்டிபிகேட், இன்னொரு கையில் கொள்ளிக்கட்டை!

பிறகு அந்த மலையைத் தோண்டிச் சலித்தார்கள். பயோமைனிங் என்று பெயர். மண் தனி, கல் தனி. மிஞ்சிய கந்தலும் பிளாஸ்டிக்கும் லாரி லாரியாக அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்குப் போயின, நிலக்கரிக்குப் பதிலாக எரிப்பதற்கு. ஆர்.டி.எஃப். என்கிறார்கள். குப்பையிலிருந்து பிறந்த எரிபொருள்.

நான் இதை ஒரேயடியாக எதிர்க்கிறவன் இல்லை. சிமென்ட் சூளைக்குள் கல் 1,450 டிகிரியில் வேகிறது. தீ நாக்கு 2,000 டிகிரியைத் தொடும். எரிந்து மிஞ்சும் சாம்பல்கூட கிளிங்கரோடு கலந்து சிமென்டாகிவிடும். தெருமுனையில் கொளுத்துவதைவிட, சதுப்பு நிலத்தில் கொட்டுவதைவிட எவ்வளவோ தேவலை. (ஏற்கெனவே சுண்ணாம்புக்கல் தூசியைச் சுவாசிக்கும் அரியலூர்க்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது தனிக் கட்டுரை.)

ஆனால் எந்தக் குப்பை எரிபொருள்? இங்கேதான் ஊரை ஏமாற்றுகிறார்கள். நாமும் கூடச் சேர்ந்து ஏமாற்றுகிறோம்.

கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தருகிற, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை மண்ணில் கொட்டக்கூடாது, எரிசக்திக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்றன 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தரம்கூடப் பிரித்தார்கள். முதல் தரம் என்றால் ஈரம் 10 சதவீதத்துக்குள், குளோரின் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கூடைக்கு வாருங்கள். காய்ந்த சிப்ஸ் பாக்கெட் ஜோராக எரியும். அதன் தலையில் நேற்றைய ரசத்தைக் கொட்டினால்? முதலில் தண்ணீர் ஆவியாக வேண்டும், அதற்கே பாதி சூடு போய்விடும். ரசத்தில் உப்பு இருக்கிறது. உப்பு என்றால் சோடியம் குளோரைடு. இந்தக் குளோரின் சூளைக்குள் ஆவியாகி, மேலே போய்க் குளிர்ந்து, குழாய்ச் சுவரில் பாறை மாதிரி ஒட்டி அடைக்கும். ஆலைக்காரர் அந்த லாரியைத் திருப்பி அனுப்பினால் அவரைத் திட்ட முடியாது. ஊறுகாய் பாக்கெட்டை ஒரு தடவை அலசிப் போடச் சொல்வது மடிசஞ்சித்தனம் இல்லை சார், கணக்கு! பி.வி.சி.யிலும் இதே குளோரின் வில்லங்கம்தான். பி.வி.சி. எங்கே இருக்கிறது என்கிறீர்களா? தெருவுக்குத் தெரு தலைவர்கள் பல்லைக் காட்டும் ஃப்ளெக்ஸ் பேனரில்.

பிரிக்காத குப்பையை வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்யும்? எல்லாவற்றையும் கொளுத்து என்று கிளம்பும். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி கொண்டுவந்தது அப்படித்தான். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். மணலி, எண்ணூர் புகை அவர்களுக்குப் போதாதா? மாடவீதிகளில் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுசாகப் படித்தோம்? எரியப்போவது நாம் போடும் உறைகளும் சேர்ந்துதானே!

இந்த மாதிரி ஆலைக்குத் தினமும் தீனி வேண்டும். ஒருமுறை ஒப்பந்தம் போட்டாகிவிட்டால் குப்பை குறைவது நஷ்டம், நீங்கள் ஒழுங்காகப் பிரிப்பதும் நஷ்டம். டெல்லி ஓக்லாவில் 2012-ல் இப்படி ஓர் ஆலை ஓட ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் கோர்ட் கோர்ட்டாக அலைந்தார்கள். 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது, கூடவே ஆலை ஓட அனுமதியும் கொடுத்தது.

"நாங்க பிரிச்சுத்தான் குடுக்கறோம், வண்டியில ஒண்ணாக் கொட்டிடறாங்க." இந்த வசனத்தைக் கேட்காத அபார்ட்மென்ட் கூட்டம் இல்லை. பாதி உண்மை. 2000-ல் ஓனிக்ஸ் வந்ததிலிருந்து கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், யூனிபார்ம் மாறியது, வண்டி பேட்டரியில் ஓட ஆரம்பித்தது. ஓனிக்ஸுக்கு டன் கணக்கில் பணம் கொடுத்தார்கள். எடைக்குக் காசு என்றால் நனைந்த குப்பைதானே லாபம்? அது நிர்வாகத்தின் தப்பு. மீதிப் பாதி நம்முடையது. டயப்பரையும் உடைந்த கண்ணாடியையும் பிஸ்கட் உறையையும் ஒரே கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, கையுறை இல்லாத ஒரு பெண் அதை அவிழ்த்துப் பிரிக்கட்டும் என்று நினைக்கிறோமே, அதற்கு எந்த கான்ட்ராக்டரும் காரணம் இல்லை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புது விதிகள் ஈரம், உலர், சானிட்டரி, தனிக் கவனம் தேவைப்படுபவை என்று நாலாகப் பிரிக்கச் சொல்கின்றன. டயப்பருக்காவது தனி இடம் கிடைத்ததே.

நம்மை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. சாஷேவுக்குப் பிறந்த வீடே தமிழ்நாடு மாதிரிதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் கையடக்க உறையில் சரக்கை அடைத்து விற்க வழி காட்டினார். வெல்வெட், சிக் என்று ஷாம்பூ குடிசைக்கும் போனது. ஏழைக்கும் ஷாம்பூ என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பி.காம். படித்தவன் புத்தி, லெட்ஜரைப் புரட்டாமல் இருக்காது. உறையால் வந்த லாபம் கம்பெனியின் கணக்கில். தெருவில் விழுந்த உறையைப் பொறுக்கும் கூலி உங்கள் சொத்து வரியில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பூக்காரம்மாவின் கேரிபேக்கைப் பிடுங்கினார்கள். கடையில் சரம் சரமாகத் தொங்கிய கம்பெனி பாக்கெட்டை யாரும் தொடவில்லை. 2022-ல் உற்பத்தியாளர் பொறுப்பு என்று மத்திய அரசு விதி போட்டது. பல அடுக்கு உறையை சிமென்ட் சூளையில் எரித்தாலும் கம்பெனி அதைக் கடமையில் கழித்துக்கொள்ளலாம். சரி, கழித்துக்கொள்ளட்டும். அப்படியானால் லாரி வாடகையையும் அவர்கள்தானே கொடுக்க வேண்டும்? 2016 விதிகளில் 5 சதவீதமாவது குப்பை எரிபொருளைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்குத்தான் இருந்தது. இங்கிருந்து அரியலூர் 250 கிலோமீட்டருக்கு மேல். அந்த தூரத்துக்கு டீசல் ஊற்றுவது யார்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடியுங்கள். ஒரு பையை மாட்டுங்கள். பேப்பர் கடைக்காரர் எடுக்காத உறைகளை மட்டும் காயவைத்து அதில் போடுங்கள். நாறாது, எலி வராது, நாலு பேர் இருக்கும் வீட்டில் பை நிரம்பப் பத்து நாளாகும். செருப்பும் ரெக்ஸினும் பி.வி.சி.யாக இருக்கலாம், அவற்றைத் தனியாகக் கட்டுங்கள். அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் பிஸ்கட்டும் ஜூஸும் விநியோகம் செய்கிற புண்ணியவான்கள், பந்தலுக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு சாக்கையும் கட்டி வையுங்கள்.

நிரம்பிய பையோடு வார்டு ஆபீசுக்குப் போங்கள். இதை எந்த வண்டியில் ஏற்றுகிறீர்கள், எந்த ஆலைக்கு அனுப்புகிறீர்கள், வாடகை யார் கணக்கில் என்று கேளுங்கள். வாயால் சொல்லும் பதில் வேண்டாம், எழுதித் தரச் சொல்லுங்கள்.